பழைய பவர் சப்ளை விட்ட மூச்சு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது எங்கள் வீட்டு முன்னறையில். ராஜபாளையத்தில். 1997 நவம்பர் மாதம். பொன்னுராஜ் அண்ணாச்சி இப்போதும் தென்காசி ரோட்டில்தான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுப்பார். அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார்.

என் பெயர் கிருபாபாய். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் போட்டு டி.டி.பி. செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். நடு அறையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அப்பா ஐயாதுரை, மில்லில் பஞ்சு உடைக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். அந்தத் தூசியெல்லாம் அவர் நெஞ்சுக்குள்தான் போய்ச் சேர்ந்தது. கடுமையான இளைப்பு. மல்லாந்து படுத்துத் தூங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்த வாக்கில்தான் கண் அசருவார். மூச்சை விடும்போது கடைசியில் ஒரு விசில் வரும். மெல்லிசாக, விட்டு விட்டு, இரண்டு தட்டாக. "உங்க அப்பா நெஞ்சுல குருவி கூடு கட்டியிருக்கு" என்பாள் என் அம்மா பரிபூரணம்.

அந்த ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் என் கம்ப்யூட்டர் போய்விட்டது. மதர்போர்டு, பவர் சப்ளை, இரண்டும் கருகிவிட்டன. கையில் ஒரு பள்ளிக்கூடத்தின் அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள்கள் மொத்தமும் இருந்தன. ஒப்புக்கொண்ட வேலை. அழுகை வந்துவிட்டது.

பொன்னுராஜ் அண்ணாச்சி மதுரைக்குப் போய்ப் புது பென்டியம் போர்டு ஒன்று வாங்கி வந்தார். ஆனால் அதற்கேற்ற புது மாதிரி பவர் சப்ளை கிடைக்கவில்லை.

"ரெண்டு வாரம் ஆகும்ங்கான்" என்றார்.

"அதுக்குள்ள பரீட்சையே வந்துரும் அண்ணாச்சி."

"பயப்படாத. இந்த போர்டுல ரெண்டு வாய் இருக்கு. ஒண்ணு புது மாடலுக்கு, ஒண்ணு பழசுக்கு. பழசு எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. வில்லிபுத்தூர்ல ஒரு வீட்ல பழைய கம்ப்யூட்டர் எடுத்தேன். அதுல உள்ளது. செத்த நேரம் பொறு, மாட்டிவிட்டுருதேன்."

செங்கல் அளவில் ஒரு தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை போர்டுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும். பின்பக்கம் கம்பி வலைக்குள் ஒரு சின்ன ஃபேன். உள்ளே சூடாகும் காற்றை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. வெளியே மட்டும்தான் தள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து வந்த இரண்டு ஒயர்க் கொத்துகளை அண்ணாச்சி போர்டில் கவனமாகக் குத்தினார். "கறுப்பும் கறுப்பும் நடுவுல ஒட்டி நிக்கணும். மாத்திக் குத்துனா புது போர்டு புகைஞ்சு போயிரும்." தடித்த சுவிட்சை அமுக்கினார். டக்.

திரையில் எழுத்து வந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அந்த ஃபேன் சத்தம்...

எல்லா ஃபேனும் ஒரே சீராக இரையும். இது அப்படி இரையவில்லை. உஸ்ஸ்... என்று ஏறியது. நின்றது. உஸ்ஸ்... என்று இறங்கியது. நின்றது. மறுபடியும் ஏறியது.

"பேரிங் காஞ்சு போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. "வோல்டேஜும் ஏறி எறங்குது போல."

நான் ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். முள் அசையாமல் நின்றது.

அன்றைக்கு மத்தியானம் முழுவதும் கேள்வித்தாள் அடித்தேன். நான்கு மணி வாக்கில் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி கிருபா, இங்க வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். தலைக்கு ஒரே ஒரு தலையணை. விசில் சத்தம் இல்லை. குழந்தை மாதிரித் தூங்கினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகை.

இருட்டியதும் வேலையை முடித்தேன். இனி கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று திரையில் வந்தது. சுவிட்சை அமுக்கினேன். டக்.

நடு அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் திணறினார். கண் பிதுங்கியது. இளைப்பு மருந்து பம்பை வாயில் வைத்து அடித்தோம். வெந்நீர் கொடுத்தோம். விடியும்வரை அவர் பட்ட பாடு... சொல்ல முடியாது.

காலையில் வேலைக்கு உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டேன். உஸ்ஸ்... என்று கேட்டது. நடு அறையில் சத்தம் அடங்கியது. அப்பா படுத்துவிட்டார்.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் மறுபடியும் அணைத்தேன். மறுபடியும் கட்டில் கிரீச்சிட்டது. உடனே சுவிட்சைப் போட்டேன். அடங்கியது. அன்று ராத்திரி அணைக்காமலே விட்டேன்.

மறுநாள் பொன்னுராஜ் அண்ணாச்சியை வரச் சொன்னேன். வெளியே மழை பெய்தது. அவர் சிரித்தார். "யம்மா, இது வெறும் தகரப் பெட்டி" என்றார். நான் ஒரு வெள்ளைத்தாளை நூலில் கட்டிப் பெட்டியின் பின்னால் தொங்கவிட்டேன்.

தாள் வெளியே பறந்தது. சரிதான், ஃபேன் காற்று.

பிறகு தாள் திரும்பி வந்தது. வலையில் ஒட்டிக்கொண்டது.

பறந்தது. ஒட்டியது. பறந்தது. ஒட்டியது.

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். ஒரு பக்கமாகச் சுற்றுகிற ஃபேன் காற்றை இழுத்தும் விடுமா? அவர் குனிந்து பார்த்தார்.

நான் நடு அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "அம்மா, அப்பா மூச்சு எப்படிப் போகுதுன்னு பாத்துச் சொல்லு."

"எதுக்குட்டி?"

"சொல்லும்மா."

அம்மா கட்டில் பக்கத்திலிருந்து சொன்னாள். "இழுக்காரு..."

தாள் வலையில் ஒட்டியது.

"விடுதாரு..."

தாள் பறந்தது.

"இழுக்காரு..."

ஒட்டியது.

"விடுதாரு... ஏட்டி, என்னட்டி அங்க?"

அப்பாவின் குரல்தான் கேட்டது. தெளிவாக, இளைப்பே இல்லாமல் பேசினார்.

"நான் விடல கிருபா. யாரோ எனக்காக மூச்சு விடுதாக. அதுவா வருது... அதுவா போகுது."

அதற்குப் பிறகு அதை அணைக்கவில்லை.

எப்படி அணைப்பது? கழற்றி எறியலாம் என்றார் அண்ணாச்சி. யார் கழற்றுவது? கழற்றினால் அப்பா? எங்கள் சர்ச் போதகரான சபை ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினோம். ஐயர் அப்பா தலையில் கைவைத்து ஜெபித்தார். போகும்போது, "அந்த முன்னறையில யாரு தூங்குதா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது. பீப்... பீப்... பீப். அது தாங்குவது கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தபோது கரண்ட் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்தில் பராமரிப்பு வேலை. காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணிவரை மின்சாரம் இருக்காது.

அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஆக்ஸிஜன் இருந்தது. அம்மாவும் பொன்னுராஜ் அண்ணாச்சியும் கூட இருந்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். மைக்செட் வைத்திருந்த கருத்தையாவிடம் ஜெனரேட்டர் கேட்டேன்.

"வீட்ல என்ன விசேசம்?" என்றார்.

"கம்ப்யூட்டர் ஓடணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். கரண்ட் போவதற்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். டீசலை ரொப்பி வைத்துவிட்டு, மில்லில் ஒரு வேலை என்று போனார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. தாள் ஒட்டியது, பறந்தது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணாச்சி போன் பண்ணினார்.

"நல்லா இருக்காரு. இட்லி சாப்பிட்டாரு. டாக்டர், எதுக்குக் கூட்டியாந்தீகன்னு கேக்காரு."

நான் அழுதேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் அவர் மூச்சு. நடுவில் நான் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வலுத்தது.

பதினொன்று நாற்பது. திரையின் மூலையில் மணி தெரிந்தது. அதனால்தான் நினைவிருக்கிறது.

உஸ்ஸ்... ஏறியது.

தாள் வலையில் ஒட்டியது.

நின்றது.

பறக்கவில்லை.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெபிலைசர் முள் நேராக நின்றது. திரை எரிந்தது. கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஓடியது. மூச்சு மட்டும் உள்ளே போய் நின்றுவிட்டது.

தாளைக் கையால் பிய்த்தேன். விட்டதும் போய் ஒட்டிக்கொண்டது.

மறுபடி பிய்த்தேன். ஒட்டிக்கொண்டது.

பெட்டியைத் தட்டினேன். இருமுகிறவர் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டினேன்.

"விடுங்கப்பா... மூச்ச விடுங்க... அப்பா..."

தகரம் சில்லென்று இருந்தது.

"விடுங்கப்பா..."

தாள் விழுந்தது.

பறக்கவில்லை. மெதுவாக... நூலோடு... தொங்கிவிட்டது.

ஃபேன் சத்தம் அடங்கியது.

போன் அடித்தது.

நான் எடுக்கவில்லை. என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரியும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கையை நீட்டினேன்.

அப்போது பெட்டிக்குள் சத்தம் வந்தது.

உஸ்ஸ்...

தாள் அசைந்தது.

உஸ்ஸ்... கடைசியில் ஒரு விசில்.

மெல்லிசாக.

இரண்டு தட்டாக.

நான் வெளியே ஓடி மழையில் நின்றேன்.

அப்பாவை வேனில் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் அம்மா இறங்கினாள். முன்னறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒப்பாரி வைக்க வந்த பெண்களுக்கு அது மெஷின் சத்தம். எங்களுக்கு அப்படி இல்லை.

"அது உங்க அப்பாட்டி" என்றாள். "அணைச்சிராத."

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகும் அது ஓடியது. அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் உட்காருவாள். அங்கேயே படுப்பாள். வலையில் காதை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாள். மழை, பக்கத்து வீட்டுச் சண்டை, மீன் விலை... எல்லாம் சொல்லுவாள். அது மூச்சு விடும். நான் அதே கம்ப்யூட்டரில் கேள்வித்தாளை அடித்து முடித்தேன். வேறு வழியில்லை. இரவில் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினேன்.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒருநாள் விடிகாலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அணைச்சிருட்டி."

"என்னம்மா?"

"அணைச்சிரு. இப்பமே."

நான் எழுவதற்குள் அவளே போய் சுவிட்சை அமுக்கினாள். டக். நின்றது. ஏன் என்று கேட்டேன். குளிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரமே புது மாடல் பவர் சப்ளை வந்தது. பொன்னுராஜ் அண்ணாச்சி பழைய பெட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார். புதியது சீராக இரைந்தது. தாள் ஒரு பக்கமாகவே பறந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், அண்ணாச்சியைத் தொந்தரவு செய்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்ற பெண் பெயர் செல்லக்கனி. நாற்பது வயது இருக்கும். கதவைத் திறந்து அண்ணாச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் எதுவும் சொல்லுமுன்னே கேட்டாள்.

"உங்க வீட்ல யாரு போயிட்டாவ?"

"அப்பா" என்றேன்.

உள்ளே உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் கணவருக்கு எந்த நோயும் இருந்ததில்லையாம். வீட்டில் வைத்துக் கணக்கு வேலை பார்த்தவர். அந்தக் கம்ப்யூட்டரை எங்கோ பழசாக வாங்கி வந்தார். இரண்டாவது மாதம், உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார்.

"அவிய போனபொறவு அதுல அவிய மூச்சு வந்துச்சு" என்றாள். "நானும் அணைக்கல. எப்படி அணைப்பேன்? பொறவு ஒருநா அது பேச ஆரம்பிச்சுது."

"பேசுச்சா?"

"ஒரே ஒரு பேரு. மூச்ச விடும்போதெல்லாம் அதே பேரு. எங்க சொந்தத்துல அப்படி யாரும் இல்ல. இந்தத் தெருவுலயும் இல்ல. பயந்து போய்தான் வித்துட்டேன்."

"என்ன பேரு?"

அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயாதுரை."

அண்ணாச்சியின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தலைகுனிந்தே இருந்தார். அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டேன். பழைய சாமான்களோடு சேர்த்து ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டாராம். அவன் பழசையெல்லாம் சேர்த்து மாட்டி ஊர் ஊராக விற்கிறவன். யாருக்கு எது போனது என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அன்னைக்கு அது பேரு சொல்லுச்சாம்மா?"

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். "சொல்லுச்சு."

"என்ன பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"அம்மா..."

"சொன்னா நீ ஊர் ஊராத் தேடுவ. தேடி என்ன செய்யப் போற? நம்ம கையில என்னட்டி இருக்கு?"

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. கண்ணீர் அஞ்சலி அடிக்க யார் வந்தாலும் அம்மா முன்னறைக்கு வந்துவிடுவாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் பெயரை மட்டும் படிப்பாள். போய்விடுவாள்.

1999 ஆகஸ்டில் ஒரு மத்தியானம். வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். மீசை அரும்பிய முகம், அழுது வீங்கிய கண். அவனுடைய அண்ணனுக்குப் பதினாறாம் நாள் அஞ்சலி. சங்கிலிப்பாண்டி, வயது முப்பத்தொன்று. போட்டோவை ஸ்கேன் செய்து பெயரைப் பெரிதாகப் போட்டேன்.

அம்மா வந்தாள். கண்ணாடியை மாட்டினாள். படித்தாள்.

மறுபடி படித்தாள்.

கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "இனிமே எனக்குக் காட்ட வேண்டாம்ட்டி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பையனிடம் கேட்டேன்.

"தம்பி... உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

அவன் நிமிர்ந்தான்.

"இருக்குக்கா. பழசுதான். அண்ணன் பழகுறதுக்கு வாங்குச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் திரையில் இருந்த பெயரைப் பார்த்தேன். அவனே சொன்னான்.

"அதான்க்கா வீட்ல ஒரே சண்டை. அண்ணன் செத்த நாள்லருந்து எங்க மதினி அத அணைக்கவே விட மாட்டேங்கா."